தொண்ணூற்றெட்டாவது கையெழுத்து

ஜூன் 4, ஞாயிறு

இரண்டு வருடமாக ஏமாந்திருக்கிறோம். என் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் மூன்று மாடி அடுக்கு வீடுகள் வரிசையாக எழும்பியபோது வேலவன் கார்டனில் ஒருவர் வாய் திறக்கவில்லை. அரசு ஊழியர் குடியிருப்பு என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் நம்பினோம். என்ஜினியர்களும் தாசில்தார்களும் அக்கம்பக்கத்தில் வந்தால் நமக்கும் ரோடு போடுவார்கள் என்று சங்கத் தலைவர் நாச்சிமுத்து தன் போர் தண்ணீரைக்கூடக் கட்டட வேலைக்கு விட்டார். நேற்று பெயின்டர் வந்து சுவரில் பெரிதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறான். ஓடைமேடு மறுகுடியமர்வுத் திட்டம், 288 வீடுகள்.

ஓடைமேடு! டவுன் சாக்கடையெல்லாம் போகிற ஓடைக்கரையில் குடிசை போட்டிருக்கிறார்களே, அந்தக் கூட்டம் முழுவதும் இங்கே வரப்போகிறது.

சாயங்காலம் பூங்காவில் அவசரக் கூட்டம். இத்தனை பேர் நம் காலனியில் இருக்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். தண்ணீர் வரி ஏற்றியபோது ஏழு பேர் வந்தார்கள். நாச்சிமுத்து எழுந்து, "அக்கா தாலூக்கா ஆபீஸ்ல ரேசன் கார்டு செக்‌ஷன்ல இருபத்தொம்பது வருசம் இருந்தவங்க. ஆட்சேபணை மனு எழுதறதுக்கு நம்ம கமலவேணி அக்காவை உட்டா ஆருங்க?" என்றார். கைதட்டினார்கள். செயலாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 5, திங்கள்

வீட்டு வேலைக்கு வரும் மணி இன்று இருபது நிமிடம் தாமதம். பஸ் வரவில்லையாம். தினமும் ஒரு பஸ் வராமல் போகிறது. பின்கதவைத் தானே திறந்துகொண்டு வந்து பாத்திரத்தைப் போட்டாள். போன வருடம் நான் குளியலறையில் வழுக்கியதிலிருந்து பின்கதவுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. வேறு காரணம் இல்லை. பெங்களூரில் இருந்து மகன் அரவிந்தன் போனில் ஒரே பிடியாக நின்றான், கொடுத்து வைத்தேன்.

ஜூன் 9, வெள்ளி

மனு முடிந்தது. நான்கு பக்கம். நிலத்தடி நீர், கழிவுநீர், பள்ளி வேன் திரும்ப இடமின்மை, மகளிர் பாதுகாப்பு. நாச்சிமுத்துவுக்கு "திருடர்கள்" என்று ஒரு வார்த்தை வேண்டுமாம். அரசாங்கத்துக்கு எழுதும்போது அப்படி எழுதக் கூடாது, "மாறுபட்ட பழக்கவழக்கம் உடையோர்" என்று எழுதினால் படிக்கிறவனுக்குப் புரியும் என்றேன். மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கையெழுத்துப் படிவத்தையும் நானே கோடு போட்டுத் தயாரித்தேன். வரிசை எண், முழுப்பெயர், கதவு எண், கையொப்பம். கதவு எண் இல்லாத கையெழுத்து செல்லாது. கடைசியில் என் சான்று: "மேற்கண்ட அனைவரும் அந்தந்த முகவரியில் குடியிருப்போர் எனச் சரிபார்க்கப்பட்டது. ஒப்பம், செயலாளர்."

சரிபார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ரேஷன் கார்டுக்கு விசாரணை போனால் நான் காகிதத்தைப் பார்ப்பதே இல்லை. காகிதம் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். நேராகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் டூத் பிரஷ்களை எண்ணுவேன். ஆறு பேர் என்று எழுதியிருப்பார்கள், பிரஷ் மூன்றுதான் இருக்கும். மூன்று பெயரைக் கார்டிலிருந்து அடித்துவிடுவேன். அழுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், நான் அசைந்ததில்லை. ஒருவன் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடுவான், எங்கே வேண்டுமானாலும் படுப்பான், ஆனால் பிரஷ் இருக்கிற இடம்தான் அவன் வீடு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

வீடு வீடாக ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போயிற்று. தொண்ணூற்றேழு. நாச்சிமுத்து நூறு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நூறு என்றால்தான் கலெக்டர் திரும்பிப் பார்ப்பாராம். கோயில் குருக்கள் ஒன்று போட்டார். கோயம்புத்தூரில் இருக்கிற தன் மாமியாருக்குப் பதிலாக நாச்சிமுத்துவே ஒன்று போட்டார். அதைப் பார்க்காததுபோல் நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

இன்னும் ஒன்று. மணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"எதுக்குங்க்கா கையெழுத்து?"

"தெருவிளக்குக்கு."

"நானுமுங்களா? நானெல்லாம் போட்டாச் செல்லுமுங்களா?"

"செல்லும். போடு."

ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதினாள். துளசிமணி. அவள் முழுப்பெயர் அதுதான் என்பது பதினோரு வருடத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. கதவு எண் பத்தி காலியாக இருந்தது. ஓடைமேட்டுக் குடிசைக்கு ஏது எண். என் எண்ணைப் போட்டேன், 27. வரிசையில் தொண்ணூற்றெட்டாவது இடம்தான் காலியாக விட்டிருந்தேன், அது நிரம்பியது.

இது பெரிய விஷயமில்லை. எல்லா மனுவிலும் நடப்பதுதான்.

ஜூன் 12, திங்கள்

மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்தாயிற்று. நூறு கையெழுத்து. போட்டோ எடுத்தார்கள். நாளை பேப்பரில் வருமாம்.

ஜூன் 13, செவ்வாய்

பேப்பரில் வந்தது. நாச்சிமுத்துவின் தோளுக்குப் பின்னால் என் கொண்டை மட்டும் தெரிகிறது.

ஜூன் 25, ஞாயிறு

பதில் கடிதம் வந்தது. பரிசீலனையில் உள்ளதாம். பரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேருக்கு அந்த வார்த்தையை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கூட்டத்தில் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். நான்தான் வழி சொன்னேன். கட்டடத்தை எதிர்த்தால் எடுபடாது, ஆட்களை எதிர்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பயனாளிகள் பட்டியலைக் கேட்டு வாங்குவோம். பெயர் பெயராகச் சரிபார்ப்போம். 288 பேரில் நாலு பேராவது போலியாக இருப்பார்கள். நாலு போதும், திட்டமே முறைகேடு என்று கோர்ட்டுக்குப் போகலாம்.  நாச்சிமுத்து, "அக்கா, உங்களை ரிட்டையர் பண்ணி உட்டாங்களே, கவர்மென்டுக்கு நஷ்டமுங்க" என்றார்.

ராத்திரிச் சாப்பாடு மூன்று தோசை. வழக்கமாக இரண்டு.

ஜூலை 6, வியாழன்

இன்று மணி வந்ததும் வராததுமாக வேலையைத் தொடாமல் சமையலறை வாசலில் நின்றாள். சேலைத் தலைப்பில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். டோக்கன். அவள், அவள் வீட்டுக்காரர், மகள் மூவரும் வரிசையாக நிற்கும் ஒரு போட்டோ, கைரேகை.

"வூடு கெடச்சிருச்சுங்க்கா. சி பிளாக்கு, கீழ் வூடு. உங்க பொறவாசல்ல நின்னு பாத்தா எங்க கதவு தெரியுமுங்க! இனிமே பஸ்ஸு வரல, கிஸ்ஸு வரலன்னு உங்ககிட்டப் பேச்சு வாங்க வேண்டியதில்லீங்க. கூப்ட்டீங்கன்னா ரெண்டே எட்டு."

அப்படியா என்றேன்.

"போன ஐப்பசில ஓடைத் தண்ணி கட்டலு வரைக்கும் வந்துருச்சுங்க. புள்ளைய மேசை மேல ஒக்கார வெச்சுத்தான் விடிய விடிய இருந்தோம். இனி அந்தப் பயமில்லீங்க." சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். எதை யோசித்திருப்பேன் என்று கேட்டால் தெரியாது. குழம்பில் உப்பு அதிகம் என்று சத்தம் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. கட்டுக்கட்டாக மனு வருகிற இடத்தில் எவன் உட்கார்ந்து நூறு கையெழுத்தையும் படிக்கப்போகிறான்?

ஜூலை 14, வெள்ளி

பின்பக்கம் தூசி. ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மணி மட்டும் பாத்திரம் தேய்க்கும்போது திறந்து வைத்துக்கொள்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 23, ஞாயிறு

பட்டியல் வந்துவிட்டது.

நாச்சிமுத்து ராத்திரி பகலாக உட்கார்ந்து 288 பெயரையும் நம் காலனி வரி ரசீது, வாக்காளர் பட்டியல், எல்லாவற்றோடும் ஒத்துப் பார்த்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த முறை. கூட்டத்தில் எழுந்து நின்று, கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசித்தார்.

"சி பிளாக், பதினொண்ணு. துளசிமணி, கணவர் பேரு சின்னராசு. இந்தப் பேரு நம்ம மனுவுலயே இருக்குதுங்க! தொண்ணூத்தெட்டாவது கையெழுத்து. கதவு எண் இருவத்தேழு, வேலவன் கார்டன். சொந்த வூட்டுல இருந்துக்கிட்டு ஏழைன்னு பொய் சொல்லி வூடு வாங்கறாங்க பாருங்க! இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.  யாரோ, "இருவத்தேழு நம்ம அக்கா வூடு ஆச்சுங்களே" என்றார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மணியை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். அவள் பெயர் துளசிமணி என்று ஒருவருக்கும் தெரியாது.

நாச்சிமுத்துவே எனக்கு வழியையும் எடுத்துக் கொடுத்தார். "அக்கா வூட்டு மாடில குடியிருந்தவங்களா இருக்குமுங்க, இல்லீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பது எனக்கே நினைவில்லை. அவர்கள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 24, திங்கள்

மணிக்கு இன்று சம்பளத்தோடு ஒரு புடவையும் கொடுத்தேன். புதுசு. "எதுக்குங்க்கா?" என்றாள். ஆடி தள்ளுபடியில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தீர்மானம் எண் 3: மூன்றாம் குறுக்குத் தெருவின் கிழக்கு முனையை ஏழு அடிச் சுவரால் அடைப்பது. அடுக்கு வீட்டுக்காரர்கள் பஸ் ஸ்டாப்புக்கு நம் தெரு வழியாக நடக்கக் கூடாது. மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகட்டும், ஒன்றரை கிலோமீட்டர்தான். தீர்மானத்தின் வாசகம் என்னுடையது. ஒரு எழுத்துகூட யாரும் மாற்றவில்லை.

மணி மட்டும் என் வீட்டுப் பின்கேட் வழியாக வந்துகொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். வீடு கிடைத்தால்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பதினொரு மணிக்கு வாசலில் ஜீப். மணி வேலை முடித்துப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இறங்கி வந்தது பூரணி. பத்து வருடத்துக்கு முன் என் செக்‌ஷனில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கோப்பில் நூல் கட்டக்கூடத் தெரியாமல் விழித்த பெண். இப்போது வருவாய் ஆய்வாளர். என்னைப் பார்த்ததும் காலைத் தொடக் குனிந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன்.

"மேடம், ஒரு விசாரணை. துளசிமணிங்கறவங்க இங்க இருக்காங்களா? உங்க சங்கத்துல இருந்தே புகார் வந்திருக்குது. பயனாளி லிஸ்ட்ல வேற முகவரி, உங்க மனுவுல இந்த முகவரி. மனுவுல நீங்களே சரிபார்த்ததா ஒப்பம் வெச்சிருக்கீங்க."

காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"கொடுங்க மேடம்" என்று உட்கார்ந்தாள். நான் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சிக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு நின்றபோதும் நேரம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் ஒப்பம் பொய். மனு பொய். இருபத்தொன்பது வருடம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவள் இந்த வயதில் பிடிபட வேண்டும், அதுவும் நான் வளர்த்துவிட்ட பெண்ணிடம்.

காபியோடு வந்தபோது நாற்காலியில் பூரணி இல்லை. பின்பக்கம் நின்றாள். துணி துவைக்கிற கல்லுக்கு மேலே மாடத்தில் ஒரு பச்சை பிரஷ், ஒரு சீப்பு. கொடியில் ஒரு பழைய சேலை.

"உங்க பிரஷ் உள்ளே பாத்ரூம்ல இருக்கறதைப் பார்த்தேன் மேடம். அப்ப இது?"

"மணியோடது" என்றேன். போன வருடம் எனக்கு உடம்பு சரியில்லாதபோது சில நாள் தங்கினாள், அப்போது வாங்கிவைத்தது, எடுத்துப்போக மறந்துவிட்டாள் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

"மணின்னா துளசிமணிதானே மேடம்?"

"ஆமாம்."

பூரணி சிரித்தாள். "நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் மேடம். இன்னிக்கு வரைக்கும் நான் பேப்பரைப் பார்க்கறதில்லை." குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இடுப்பு வலி. மணி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். புது வீட்டுக்குச் சுவரில் என்ன சாமி படம் மாட்டலாம் என்று என்னிடம் கேட்டாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஓடைமேட்டு அங்கன்வாடிச் சுவரில் நீக்கப்பட்டவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மகள் வாசித்துச் சொன்னாளாம். மணி காலையில் வரவில்லை, சாயங்காலம்தான் வந்தாள். வந்தவள் எப்போதும்போலப் பாத்திரம் தேய்த்தாள், வீடு கூட்டினாள், தண்ணீர் பிடித்து வைத்தாள்.  நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, நான் உங்க வூட்லயா குடியிருக்கறேன்?"

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். ஆபீஸில் ஏதோ குளறுபடி, எழுதிப்போட்டால் சரியாகிவிடும் என்பதுபோல.

"கொளறுபடி இல்லீங்க. தெருவெளக்குன்னு சொன்னீங்களே, அந்தக் கையெழுத்துத்தானுங்க. ஆபீஸ்ல கேட்டேன், காட்டுனாங்க. நானே என்ற கையால எழுதியிருக்கறேன், எங்களுக்கு வூடு குடுக்கக் கூடாதுன்னு." அவள் குரல் உயரவேயில்லை. "பதினோரு வருசமுங்க்கா. உங்க வூட்டு முன்வாசல்ல ஒருக்கா நான் ஏறியிருக்கறனுங்களா? ஒருக்கா ஏறுன்னு சொல்லியிருக்கறீங்களா? குடியிருக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க."

"மணி, கேளு—"

"ஓடைமேட்டுல வர்ற மாசம் பத்தாந்தேதி இடிக்கறாங்களாமா. எங்க போறதுன்னு நான் உங்களைக் கேக்கலீங்க. ஆபீஸ்காரங்க சொன்னாங்க, ஆட்சேபணை இருந்தா இருவத்தெட்டாந்தேதிக்குள்ள மேல்முறையீடாமா. அந்த இருவத்தேழாம் நம்பர் வூட்டுக்காரங்க எழுதிக் குடுத்தாத்தான் செல்லுமாமா. நீங்க எழுதிக் குடுத்தாலும் செரி, குடுக்காட்டியும் செரி. இனி நான் கேக்க மாட்டனுங்க."

மாடத்திலிருந்து பிரஷையும் சீப்பையும் எடுத்தாள். கொடியிலிருந்து சேலையை எடுத்து மடித்தாள். நான் கொடுத்த புதுப் புடவை ஒரு பையில் இருந்தது, அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். அதன் மேல் சாவியை வைத்தாள். "வர்றனுங்க" என்றாள். அந்த நிலையிலும் போகிறேன் என்று சொல்லவில்லை.

திமிர். இவர்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

காபி நானே போட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

நாச்சிமுத்து வேறு ஆள் அனுப்பினார். பாத்திரத்தில் சோப்பு வாடை. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

குளியலறையில் கால் லேசாகச் சறுக்கியது. விழவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது விழுந்தால் யார் வந்து பின்கதவைத் திறப்பார்கள் என்று யோசித்தேன். அரவிந்தனுக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறானாம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோர்ட்டு வக்கீல் நம் வழக்கு பிரமாதம் என்கிறாராம். "துளசிமணி ஒண்ணு போதுமுங்க, மொத்த லிஸ்ட்டையும் நிறுத்திப்போடலாம்" என்று நாச்சிமுத்து கூட்டத்தில் குதித்தார். இனிப்பு கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

எழுதுவதா என்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் இந்தக் காலனியில் என் முகத்தில் விழிக்க ஆள் இருக்காது. எழுதாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மணிக்கு மட்டும் தெரியும். பூரணிக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரப் பெண் என் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். தீக்குளிக்க வந்தவள் மாதிரியா இருக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். "எல்லாரையும் பாக்கறதுதான் பாட்டி" என்றாள். பாட்டியாம்! அந்த மேசைக்கு அந்தப் பக்கம் எத்தனை திங்கட்கிழமை உட்கார்ந்திருப்பேன். இன்று இந்தப் பக்கம், வெயிலில், இரண்டு மணி நேரம் வரிசையில். முன்னால் நின்றவள் யாரோ பென்ஷன் நின்றுபோன கிழவி. பின்னால் நின்றவன் என் காலை நாலு முறை மிதித்தான்.

நான் எழுதிக் கொடுத்ததன் நகலை இங்கே ஒட்டி வைக்கிறேன். பிற்பாடு நான் அப்படி எழுதவில்லை என்று எனக்கே தோன்றலாம்.

"துளசிமணி, க/பெ. சின்னராசு என்பவர் கதவு எண் 27-இல் குடியிருப்பவர் அல்லர். என் வீட்டில் வேலை செய்பவர். மனுவின் நோக்கத்தை மறைத்து, தெருவிளக்குக்காக எனப் பொய் சொல்லி அவர் கையெழுத்தைப் பெற்றவள் நான். கதவு எண்ணை எழுதியவளும் நான். விசாரணையின்போது காணப்பட்ட பிரஷ், சீப்பு, சேலை பற்றிய விளக்கம்: சென்ற ஆண்டு எனக்கு இடுப்பு எலும்பு முறிந்து குளியலறையில் கிடந்தபோது, காலையில் வந்து கதவை உடைத்து என்னைத் தூக்கியவர் அவர். என் மகன் நான்கு நாள் இருந்துவிட்டுச் சென்றபின், நாற்பத்தொரு நாள் என் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்து என் மலஜலம் எடுத்தவர் அவர். அந்த நாற்பத்தொரு நாளும் அவருடைய பிரஷ் பின்பக்கத்து மாடத்தில்தான் இருந்தது. வீட்டுக்குள் வைக்க நான் சொல்லவில்லை. அதைக் குடியிருப்பு எனக் கருதலாகாது."

வாங்கிய குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "உங்க மேலயே புகார் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?"

"சீல் போட்டு ரசீது கொடு" என்றேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. போனேன். நான் உட்கார்ந்த வரிசையில் இருந்து எல்லோரும் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். வழக்கு அவ்வளவுதானாம், மனுவே பொய் என்று ஆகிவிட்டதாம். நாச்சிமுத்து என் முகத்தைப் பார்க்காமல், "நூறு குடும்பத்துக்குத் துரோகம் பண்ணிப்போட்டீங்க, ஒரு வேலைக்காரிக்காக" என்றார்.

உங்கள் மாமியார் கையெழுத்தைப் பற்றியும் எழுதிக் கொடுக்கவா என்று கேட்டேன். அதோடு கூட்டம் முடிந்தது.

செப்டம்பர் 8, வெள்ளி

குப்பை வண்டி என் வாசலில் நிற்பதில்லை. பால்காரனிடம் என் வீட்டுக்குப் போட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் என்னைக் கண்டால் கோலமாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விடுகிறாள். போகட்டும். அவள் கோலம் எப்போதும் கோணல்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஓடைமேட்டை இடித்தார்கள். இங்கிருந்தே தூசி தெரிந்தது. மணிக்கு வீடு உண்டா இல்லையா என்று எனக்கு ஒரு தகவலும் இல்லை. பூரணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

பின்ஜன்னலைத் திறந்தேன். சி பிளாக், கீழ் வரிசை. பதினொன்றாவது கதவு எது என்று எண்ண முயன்றேன். தெரு முனையில் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது, தீர்மானம் எண் 3. என் பின்கேட்டுக்கு வெளியேயும் நீட்டிக் கட்டிவிட்டார்கள். கேட்டைத் திறந்தால் செங்கல். கேட்கப் போனால், "நீங்க எழுதுன தீர்மானமுங்க" என்றார் மேஸ்திரி.

நவம்பர் 19, ஞாயிறு

தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுக்கு வீடுகளில் அன்று வெடிச் சத்தம் காதைக் கிழித்தது. சண்டைக்குப் போகலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். போகவில்லை. விளக்கு எரிகிற ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று போனேன். நேராகப் போனால் இருபது அடி. சுவரைச் சுற்றி மெயின் ரோடு வழியாக ஒன்றரை கிலோமீட்டர். இந்த இடுப்போடு மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனேன். இப்படி ஒரு சுவர் கட்ட எந்த மடச்சி வாசகம் எழுதிக் கொடுத்தாள் என்று வழியெல்லாம் திட்டினேன்.

சி 11. கதவில் பெயின்டால் எண் எழுதியிருந்தது. தட்டினேன்.

மணிதான் திறந்தாள். இளைத்திருந்தாள். 

"எதுக்குங்க வந்தீங்க?"

அக்கா என்று சொல்லவில்லை. வரும்போது பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.  "கதவு எண் சரியா எழுதியிருக்காங்களான்னு பார்க்க வந்தேன்" என்றேன்.

"பாத்துக்கோங்க."

கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துதான் நின்றேன், அதை எழுதிவிடுகிறேன். சொல்லவில்லை.

"வேலைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பள்ளிக்கூடத்துல ஆயா வேலைங்க. எட்டு மணிக்குப் போவோணும்." என் காலைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. "நடந்தா வந்தீங்க? மெதுவாப் போங்க. ஆரோ செவுரு கட்டீட்டாங்க, எல்லாருக்கும் சுத்துத்தான்."

"தெரியும்" என்றேன்.

"நல்லெண்ணெயக் காச்சித் தேயுங்க."

கதவைச் சாத்தினாள். அதற்கு முன், அவள் தோளுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தில், பழக்கதோஷம், என் கண் நேராகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போயிற்று. புது வீட்டுச் சுவரில் ஆணி அடித்து ஒரு பிளாஸ்டிக் டம்ளர் தொங்கியது. அதில் மூன்று பிரஷ். ஒன்று பச்சை.

மூன்று பேர், மூன்று பிரஷ். குடியிருப்பு சரி.

திரும்பி வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். கண்ணாடிக்குக் கீழே எண்ணிப் பார்த்தேன். ஒன்று.